வீட்டில் ஒருவருக்கு அக்கி: விடுமுறைப் பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால், கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மலையகத்துத் தோட்டங்களுக்குத் திரும்புகிறார்கள். புத்தாண்டு முடிந்த கையோடு வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் திருகோணமலைக்கோ கதிர்காமத்துக்கோ குடும்பமாகப் புறப்படுவதும் பல வீடுகளில் வழக்கம். அந்த நேரம் பார்த்து அப்பாயியின் முதுகிலோ மாமாவின் இடுப்பிலோ ஒரு பக்கமாகத் தோல் சிவந்து, நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பினால், வலியைப் பற்றிய கவலைக்கு முன்பே "இது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. ஒரு வீட்டில் நோயாளியைத் தனித் தட்டு, தனிக் கோப்பை கொடுத்து ஒதுக்கி வைக்கிறார்கள். அடுத்த வீட்டில் அதே நோயாளியின் மடியில் கைக்குழந்தையைத் தூங்க விடுகிறார்கள். இரண்டுமே தவறு.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றுவதில்லை. ஆனால் அக்கிக் கொப்புளங்களில் இருக்கும் வைரசு, இதுவரை சின்னம்மை வராதவரும் அதற்குத் தடுப்பூசி போடாதவருமான ஒருவரின் உடலுக்குள் சென்றால், அவருக்குச் சின்னம்மை வரலாம். ஆகையால் பயணத்துக்கு முன் குடும்பம் விசாரிக்க வேண்டியது அக்கி வந்தவரைப் பற்றி மட்டுமன்று. வீட்டில் இன்னும் அம்மை போடாதவர்கள் யார் யார் என்பதையும் சேர்த்துத்தான்.

இந்த இரண்டு நோய்களுக்கும் காரணம் ஒரே வைரசு. மருத்துவர்கள் அதை வரிசெல்லா சோஸ்டர் என்று அழைக்கிறார்கள். சிறுவயதில் முதன்முறை உடலுக்குள் நுழையும்போது அது உடல் முழுவதும் கொப்புளங்களை எழுப்பிச் சின்னம்மையாகத் தோன்றுகிறது. பொக்குளிப்பான் என்று நாட்டின் பிற பகுதிகளில் சொல்வதும் இதைத்தான். கொப்புளங்கள் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையையும் அகற்றிய பிறகு நோய் போய்விட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் வைரசு உடலை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டுக்கு அருகிலும் மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அது நீறு பூத்த நெருப்பாகப் பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. வயது ஏறும்போதோ, புற்றுநோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி. தொற்று, நீண்டகால ஸ்டெரொய்ட் மருந்து போன்றவற்றால் உடலின் எதிர்ப்புச் சக்தி தளரும்போதோ, அவற்றில் ஏதேனும் ஒரு முடிச்சில் வைரசு மீண்டும் கிளம்பி, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வந்து சேர்கிறது. ஒரு நரம்பு தோலின் எந்தப் பட்டையை ஆள்கிறதோ அந்தப் பட்டையில் மட்டும், உடலின் இடப்பக்கம் அல்லது வலப்பக்கத்தில் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல் அக்கி தோன்றுவதற்கு இதுவே காரணம். அது உடலைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று முதியோர் சிலர் அஞ்சுவதுண்டு. நரம்பின் அமைப்பை அறிந்தவர்களுக்கு அந்த அச்சம் தேவையில்லை.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் உள்ள இந்த உறவு முதலில் ஆய்வுகூடத்தில் தெரியவந்ததன்று. வீடுகளில் கண்டவற்றிலிருந்து புலப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹங்கேரிய மருத்துவர் யானோஷ் போகாய், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அக்கி வந்த பின்னர் அதே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். 1950களில் அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் வெல்லர் இரு நோய்களின் கொப்புளங்களிலிருந்தும் வைரசை வளர்த்தெடுத்து, இரண்டும் ஒன்றே எனக் காட்டினார். அக்கி என்பது வெளியிலிருந்து புதிதாக வருவதன்று, உள்ளே உறங்கியிருந்த வைரசு எழுவதே என்ற விளக்கத்தை 1965இல் முன்வைத்தவர், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தம்மிடம் வந்த அக்கி நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்ததோடு, ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த யெல் என்ற ஒதுங்கிய தீவுக்கும் சென்று நோய்களின் வரலாற்றை ஆராய்ந்தார். பெரிய கருவிகள் எதுவுமின்றி, நோயாளிகளை ஊன்றிக் கவனித்தே ஒருவர் இவ்வளவு தூரம் சென்றது வியப்புக்குரியது.

அக்கி தனக்குள்ளிருந்தே எழுவது என்பதால் சில விடயங்கள் தெளிவாகின்றன. பேரனுக்குச் சின்னம்மை வந்ததால் அவனைப் பார்த்துக்கொண்ட அப்பாயிக்கு அக்கி தொற்றியது என்பது சரியன்று. அவருடைய அக்கிக்கான வைரசு அவரது இளமையிலேயே உள்ளே சென்றுவிட்டது. அவ்வாறே, ஏற்கெனவே சின்னம்மை வந்து தேறிய மகனோ மருமகளோ நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பதால் அவர்களுக்கு அக்கி வரப்போவதில்லை.

இனி, தொற்றும் முறையைச் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அச்சமும் அலட்சியமும் இங்கேதான் பிறக்கின்றன. சின்னம்மை வந்தவரின் மூச்சுக்காற்றிலும் வைரசு பரவுகிறது. ஆகையால் ஒரே வீட்டில் அம்மை போடாதவர் 10 பேர் இருந்தால் ஏறத்தாழ 9 பேருக்கு அது தொற்றிவிடும். அக்கியில் வைரசு பெரும்பாலும் அந்தக் கொப்புளங்களின் நீரிலேயே தங்கியிருக்கிறது. உடைந்த கொப்புளத்தைத் தொடுவதாலும், அந்த நீர் பட்ட துணியை உடனடியாகப் பயன்படுத்துவதாலும், திறந்து கிடக்கும் கொப்புளங்களிலிருந்து கிளம்பும் நுண்துகள்களைச் சுவாசிப்பதாலும் அது பரவலாம். இருமலாலும் தும்மலாலும் பரவுவது வழக்கமன்று. எனவே துணிக்குள் மறைந்திருக்கும் முதுகு அக்கி, முகத்திலோ முன்கையிலோ திறந்து தெரியும் அக்கியைவிடப் பிறருக்குக் குறைந்த ஆபத்தையே தருகிறது. ஒரு விதிவிலக்கை மறக்கக்கூடாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவருக்கு வரும் அக்கியும், ஒரு பட்டையைத் தாண்டி உடலெங்கும் சிதறிய அக்கியும் சின்னம்மையைப் போலவே காற்றிலும் பரவக்கூடும். அத்தகையவரை வீட்டில் வைத்துக்கொண்டு பயணத்தைப் பற்றி ஆலோசிப்பதைவிட வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதே செய்ய வேண்டியது.

காலத்தைப் பொறுத்தவரை, கொப்புளங்கள் தோன்றுவதற்கு முன் சில நாட்கள் ஒரு பக்கமாக எரிச்சலும் குத்தலும் இருக்கும். கொழுந்துக்கூடை சுமக்கும் பெண்கள் அதைச் சுமையால் வந்த முதுகுவலி என்றும், நெஞ்சுப் பக்கத்தில் வந்தால் மாரடைப்போ என்றும் கலங்குவதுண்டு. அந்த நாட்களில் நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. கொப்புளம் கிளம்பிய நாளிலிருந்து, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். இதற்குப் பொதுவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். தோல் முழுமையாக ஆறுவதற்கு 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம் என்றாலும், பொருக்கு உலர்ந்த பிறகு பிறருக்கு ஆபத்தில்லை. முதியோர் சிலருக்கு மாதக்கணக்கில், சில வேளை அதற்கும் மேலாக, அந்த இடத்தில் எரிவலி தொடரும். அது நரம்பு பழுதடைந்ததன் விளைவே. வலி இருக்கும் வரை தொற்றும் என்று எண்ணி அவரைப் பேரப்பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பது வீண் கொடுமை.

அம்மை போடாதவர் யார் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். மேலைநாட்டு மருத்துவக் குறிப்புகளைப் படிப்பவர்கள், "பெரியவர்கள் எல்லோருக்கும் சிறுவயதிலேயே சின்னம்மை வந்திருக்கும், ஆகவே கவலை வேண்டாம்" என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார்கள். குளிர்நாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இலங்கை போன்ற வெப்பமண்டல நாடுகளில் சின்னம்மை சற்றுப் பிந்திய வயதில் வருவதே அதிகம் என்பதால், 20, 30 வயதைக் கடந்தும் அது வராதவர்கள் இங்கு கணிசமாக இருக்கிறார்கள். சின்னம்மைத் தடுப்பூசி நம் நாட்டில் அரசு இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியார் மருத்துவ நிலையங்களில் பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் தவிர மற்றோருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குழந்தை நல அட்டையில் எல்லா ஊசியும் போடப்பட்டதாகப் பதிந்திருப்பதால் சின்னம்மைக்கும் ஊசி போடப்பட்டிருக்கும் என்று கொள்ளக்கூடாது. பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் பிள்ளைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக இருக்கும். நுரையீரல் அழற்சி ஏற்படும் வாய்ப்பும் அவர்களுக்கே கூடுதல்.

யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதை அறிவதற்கு நம்மிடையே ஒரு வசதி உண்டு. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவதும், வீட்டில் கவிச்சி சமைக்காமல் இருப்பதும், தண்ணீர் ஊற்றிய பின் மாரியம்மன் கோயிலுக்குச் செல்வதும் வழக்கமாதலால், அம்மாவோ அம்மாயியோ அந்த நாட்களை எளிதில் மறப்பதில்லை. அவர்களிடம் கேட்டாலே பெரும்பாலும் விடை கிடைக்கும். தட்டம்மையை, அதாவது சின்னமுத்தை, சிலர் இதனோடு குழப்பிக்கொள்வதால் நீர்க்கொப்புளங்கள் இருந்தனவா என்று சேர்த்துக் கேட்பது நல்லது. ஐயம் தீராதவர்களுக்கு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, எதிர்ப்புச் சக்தி உண்டா என்பதை இரத்தப் பரிசோதனை ஒன்றால் அறியலாம்.

வீட்டில் கர்ப்பிணி ஒருவர் இருந்து, அவருக்குச் சின்னம்மை வந்ததாக யாருக்கும் நினைவில்லை எனில், அவரே முதல் கவனத்துக்குரியவர். கர்ப்பகாலத்தில் வரும் சின்னம்மை தாயின் நுரையீரலைப் பாதிக்கலாம். முதல் 20 வாரங்களில் வந்தால் குறைந்த அளவிலேனும் சிசுவுக்கு ஊனம் ஏற்படும் வாய்ப்பு உண்டு. பிரசவத்தை ஒட்டிய நாட்களில் வந்தால் பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவர் அக்கிக் கொப்புளத்தைத் தொட்டுவிட்டாலோ, நோயாளியோடு ஒரே படுக்கையில் படுத்திருந்தாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ உடனே சொல்ல வேண்டும். தொற்றைத் தடுக்கவோ தணிக்கவோ தரும் மருந்துகள் தொடக்க நாட்களில் கொடுத்தால்தான் பயன் தரும். கர்ப்பிணிக்கே அக்கி வந்தால் நிலைமை வேறு: அவரது இரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருப்பதால் வயிற்றில் உள்ள குழந்தைக்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. கர்ப்பிணிக்கு அடுத்தபடியாகப் பிறந்த சிசுக்கள், அதிலும் குறைமாதத்தில் பிறந்தவை, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோர் கவனத்துக்குரியவர்கள்.

பயண நாளைத் தீர்மானிப்பதற்கு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதே சிறந்த வழி. வைரசு உடலுக்குள் சென்றதிலிருந்து சின்னம்மை வெளியே தெரிவதற்கு 10 முதல் 21 நாட்கள் பிடிக்கும். கொப்புளம் தெரிவதற்கு 1 அல்லது 2 நாட்கள் முன்பிருந்தே அவர் பிறருக்குத் தொற்றச் செய்வார். அப்பாயிக்கு ஏப்ரல் 3ஆம் திகதி கொப்புளம் கிளம்பி, 12ஆம் திகதி எல்லாம் பொருக்குத் தட்டியதாகக் கொள்வோம். அதுவரை அவரோடு ஒட்டிப் படுத்த, அம்மை போடாத பேத்திக்குச் சின்னம்மை வருமானால், அது ஏப்ரல் 13க்கும் மே 3க்கும் இடையில் ஏதோ ஒரு நாளில் தெரியும். ஏப்ரல் 11 முதலே அவளிடமிருந்து பிறருக்குப் பரவக்கூடும். அதாவது புத்தாண்டு விடுமுறை முழுவதும் அந்தக் காலத்துக்குள் அகப்படுகிறது. அப்பாயிக்கு ஆறிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எண்ணிப் புறப்படும் குடும்பங்கள் காணத் தவறுவது இதைத்தான்: அக்கி ஆறும் நாளும் பேத்தியின் காத்திருப்புக் காலம் முடியும் நாளும் ஒன்றல்ல. ஆயினும் இதற்காகப் பயணத்தையே கைவிட வேண்டும் என்பதில்லை. முதல் நாளிலிருந்தே கொப்புளங்களை மூடி, பேத்தியை வேறிடத்தில் படுக்க வைத்திருந்தால் தொற்றியிருக்கும் வாய்ப்பு குறைவு. போகுமிடத்தில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் உறவினர் வீட்டில் தங்குவதைத் தவிர்த்து, மற்றவர்களிடம் முன்கூட்டியே விடயத்தைச் சொல்லிவிட்டுப் போவதே முறை. மறைத்துவிட்டுப் போய், பின்னர் அவர்கள் வீட்டில் அம்மை போட்டால், உறவில் விழும் விரிசல் கொப்புளத் தழும்பைவிட நீண்ட நாள் இருக்கும்.

லயன் வீடுகளில் தனி அறை என்பது பலருக்கு எட்டாதது. ஒரு காம்பராவும் ஒரு சமையற்கட்டும் உள்ள இடத்தில் நோயாளியைப் பிரித்து வைக்கச் சொல்வதில் பொருளில்லை. மறைப்பதும் கை கழுவுவதுமே அங்கு செய்யக்கூடியவை, பெரும்பாலும் போதுமானவையும்கூட. ஒட்டிக்கொள்ளாத மருந்துத்துணியால் கொப்புளங்களை மூடி, அதன் மேல் தளர்வான பருத்திச் சட்டையை அணியலாம். மலைக்குளிருக்குப் போடும் கம்பளிச் சட்டையைத் தோலின் மீது நேரடியாகப் போட்டால் உராய்ந்து வலி மிகும். மருந்துத்துணி மாற்றிய பிறகு சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். துவாய், போர்வை, தலையணை உறை ஆகியவற்றை மட்டும் பகிரக்கூடாது. இந்த வைரசு உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. சாதாரணச் சவர்க்காரத்தில் துவைத்து வெயிலில் உலர்த்திய துணியால் தொற்று வராது. பீலித் தண்ணீரில் எல்லோரும் குளிப்பதாலோ, ஒரே பானையில் சமைத்ததை உண்பதாலோ அக்கி பரவுவதில்லை. சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பெண்ணுக்கு அக்கி வந்தால், முழுமையாக மூட முடியாத இடத்தில் இருக்குமாயின், பொருக்குத் தட்டும் வரை அவர் விடுப்பில் இருக்க வேண்டும்.

தமிழகத்திலிருந்து வந்த முன்னோர் வழியாகக் காவிக் கல்லைக் குழைத்து "அக்கி எழுதும்" வழக்கம் சில குடும்பங்களில் இன்னமும் உண்டு. அதைப் பழிப்பது என் நோக்கமன்று. மனத்துக்கு அது ஆறுதல் தரலாம். ஆனால் உடைந்த கொப்புளத்தின் மீது பூசும் எதுவும் சீழ்க்கட்டுக்கு இடந்தரும் என்பதோடு, அந்த நம்பிக்கையில் கழியும் இரண்டு மூன்று நாட்கள்தாம் இந்நோய்க்கு மிக முக்கியமான நாட்கள். அசைக்ளோவிர் போன்ற வைரசு எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் புண் விரைவில் ஆறும். நோயின் கடுமையும் குறையும். அசைக்ளோவிரைப் பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 வேளை வீதம் பெரும்பாலும் 7 நாட்கள் எடுக்க வேண்டியிருப்பதால் இடையில் வேளை தவறுவது சகஜம். நேரத்தை எழுதி ஒட்டிவைப்பது உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்பதை வைத்தியரிடம் நினைவுபடுத்துவதும், மாத்திரை எடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிப்பதும் அவசியம். தோட்டத்து மருந்தகத்தில் அது இல்லையென்றால் மாவட்ட அல்லது ஆதார வைத்தியசாலையில் கேட்கலாம்; புத்தாண்டு நாட்களில் வெளிநோயாளர் பிரிவு மூடியிருக்கக்கூடும் என்பதால் விடுமுறை தொடங்குமுன்பே போவது நல்லது.

நோயாளியே பயணத்தில் வரலாமா? கொப்புளங்கள் மூடியிருந்து, காய்ச்சல் இல்லாமல், வேனில் அருகே அமர்பவர் அம்மை போட்டவராக இருந்தால் பிறர் பொருட்டுத் தடை இல்லை. நானுஓயாவிலிருந்து கூட்டம் நிரம்பிய ரயிலில் நின்றுகொண்டு போவது வேறு. அங்கே யார் கர்ப்பிணி, யார் நோயாளி என்று நமக்குத் தெரியாது. நிலாவெளிக் கடலிலும் ஹோட்டல் நீச்சல் குளத்திலும் இறங்குவதைப் பொருக்கு விழும் வரை தள்ளிப்போட வேண்டும். நோயாளியின் நலனைப் பார்த்தால், வளைவு வளைவான மலைப்பாதையில் 6, 7 மணி நேரம் குலுங்கிச் செல்வது எரியும் நரம்புக்கு இரக்கமற்ற தண்டனை. அவரை வீட்டில் விட்டுச் செல்ல மனமில்லாதவர்கள் பயணத்தை இரண்டு வாரம் தள்ளி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். நெற்றியிலோ, கண்ணிமையிலோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் தோன்றினால் கண் பார்வை பாதிக்கப்படலாம்; காதைச் சுற்றித் தோன்றி முகம் ஒரு பக்கம் கோணினால் முக நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரு நிலைகளிலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அம்மை போடாத ஒருவர் தெரியாமல் கொப்புளத்தைத் தொட்டுவிட்டால், 3 நாட்களுக்குள், தாமதமானால் 5 நாட்களுக்குள், சின்னம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ உதவும். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இந்த ஊசி போடக்கூடாது. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. அக்கிக்கென்றே தனியாக இன்னொரு தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அது, 50 வயதைக் கடந்தோருக்கு இரண்டு தவணைகளாகப் போடப்படுகிறது. ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்பைத் தந்தது. ஏற்கெனவே கிளம்பிவிட்ட அக்கிக்கு அது மருந்தாகாது.

இவ்வளவு கவனித்தும் போன ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சலுடன் கொப்புளம் கிளம்பினால், பதற வேண்டாம். காய்ச்சலுக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பரசிட்டமோல் மட்டும் கொடுக்கலாம். அஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குறி என்ற அரிய, ஆபத்தான நிலை ஏற்படலாம். இபுபுரோஃபனையும் தவிர்ப்பது நல்லது. நகத்தை வெட்டிவிட்டு, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை, பொதுவாக 5 முதல் 7 நாட்கள், பாடசாலைக்கும் கோயில் கூட்டத்துக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் கொண்டு செல்லாமல் இருக்க வேண்டும். மூச்சுத் திணறல், விடாத வாந்தி, தள்ளாட்டம், தட்டி எழுப்பியும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்; 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.